டிராக்டர் கடன் மறுக்கப்பட்டதா? அடுத்த மனுவுக்கு அவசரம் வேண்டாம்

ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மண் மாதிரி எடுக்கச் சென்றிருந்தபோது, நான்கு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், "மண்ணை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல இதைப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். டிராக்டர் கடனுக்கான மனு நிராகரிக்கப்பட்டதாக வந்த குறுஞ்செய்தி அது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அடுத்த பத்து நாளில் வேறு மூன்று இடங்களில் மனு கொடுத்திருக்கிறார். மூன்றிலும் அதே பதில்.

டிராக்டர், சரக்கு வேன், கார் என எந்த வாகனக் கடனுக்கும் பலர் செய்யும் தவறு இது. ஒவ்வொரு மனுவின்போதும் கடன் கொடுப்பவர் நமது கடன் வரலாற்றைப் பார்க்கிறார். அப்படிப் பார்த்ததும் அதில் பதிவாகிறது. குறுகிய நாளில் பல பதிவுகள் இருந்தால், பண நெருக்கடியில் இருக்கிறார் என்றே அடுத்தவர் கருதுவார்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள்

கடன் மனுவை மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. எனவே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

அடுத்து, கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். தவறான தகவல் இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதுவரை கடனே வாங்காதவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது.

நம் விவசாயியின் அறிக்கையில் அவர் வாங்காத கடன் ஒன்று இருந்தது. மைத்துனரின் பைக் கடனுக்கு மூன்று ஆண்டுக்கு முன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தோல் தொழிற்சாலையில் வேலை போனபின் மைத்துனர் ஐந்து தவணை கட்டவில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரின் பெயரும் கெடும். இருவரும் பேசி நிலுவையைப் பாதிப் பாதியாகக் கட்டிக் கணக்கை முடித்தார்கள். வட்டித் தள்ளுபடி பெற்று 'சமரசம்' என்று முடித்தால் அது அறிக்கையில் குறையாகவே நிற்கும். முழுவதும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்குவதே நல்லது.

நிலத்துக்கும் சான்று தேவை

இந்தப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பதிவு செய்தது. அதன்பின் அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல், அன்றைய வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. இங்கே மகசூல் வருமா என்று கடன் கொடுப்பவர் யோசித்தால் வியப்பில்லை.

அதற்குப் பதில் பரிசோதனை அறிக்கைதான். மண் பரிசோதனை நிலையத்திலோ, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீரின் மின் கடத்தும் திறன் 3 டெசிசைமனைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. அத்தகைய நிலத்தில் உவரைத் தாங்கும் டிஆர்ஒய் 3 நெல், தென்னை, தீவனப்புல் போன்றவற்றைத் திட்டமிடலாம். சிட்டா, அடங்கலுடன் இந்த அறிக்கையும், பால் சங்கப் பணம் வரவான வங்கிக் கணக்கும் சேர்ந்தால் அதுவே விவசாயியின் சம்பளச் சீட்டு.

டிராக்டர் தேவைதானா?

ஒரு டிராக்டர் கட்டுப்படியாக ஆண்டுக்கு 800 முதல் 1,000 மணி நேரம் ஓட வேண்டும். நான்கு ஏக்கருக்கு இரண்டு போகமும் சேர்த்து 50 மணி நேரம்கூடத் தேவைப்படாது. மீதி நேரம் வாடகைக்கு ஓடினால்தான் தவணை கட்ட முடியும். சுற்றுவட்டாரத்தில் யார் யாருக்கு எத்தனை ஏக்கர் உழவு என்று பட்டியல் போடுங்கள். பட்டியல் நிரம்பவில்லை என்றால் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்துகொள்வதே லாபம்.

நம் விவசாயிக்குப் பட்டியல் நிரம்பியது. ஆனாலும் அவர் முதலில் கேட்ட 7 லட்சம் அதிகம். 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு, அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் தவணை சுமார் 99,700 ரூபாய். பழைய வண்டிக்கு 4 லட்சம் மட்டும் வாங்கினால் சுமார் 57,000 ரூபாய். அதாவது மாதம் 9,500 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

அவர் மனைவி ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது. அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் மனு வலுப்படும் என்றேன். அந்த அம்மா கேட்டார்: "பயிர் பொய்ச்சுதுன்னா என் சம்பளத்துல கை வைப்பாங்களா சார்?"

ஆமாம், கடனுக்கு அவரும் முழுப் பொறுப்பு, தவறினால் அவர் பெயரும் கெடும் என்று மறைக்காமல் சொன்னேன். சற்று யோசித்தவர், பாதிச் சம்பளமும் பால் பணமும் சேர்ந்து எவ்வளவு தாங்குமோ அவ்வளவு கடன் போதும் என்றார். 4 லட்சம் என்று முடிவானது அப்படித்தான். எட்டு மாதம் பொறுத்து, ஒரே ஒரு வங்கியில் மனு கொடுத்தார்கள். கடன் கிடைத்தது.

வங்கி எவ்வளவு தரும் என்பதற்கு முன், ஒரு போகம் பொய்த்தால் குடும்பம் எவ்வளவு கட்டும் என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் சேர்ந்து போடுவது நல்லது.