ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பைக்கா, ரப்பரா?

திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் பெல் ஃபேக்டரிக்கு வேலை எடுத்துச் செய்யும் ஷெட் ஏதாவது ஒன்றுக்குள் போனால் மெஷின்களுக்கு அடியில் பாருங்கள். ஏர் கம்ப்ரஸருக்குக் கீழே ரப்பர் இருக்கும். அதன் ஆட்டம் தரைக்குப் போகக்கூடாது. லேத்தை மட்டம் பார்த்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அது துளி அசையக்கூடாது. அங்கே யாரும் "எது பெஸ்ட்?" என்று கேட்பதில்லை. "எதுக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

ஹைஃபை ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் இந்த "எதுக்கு" காணாமல் போய்விடுகிறது. ஸ்பைக் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்கிவிடும், திரும்பி வராது என்று ஒரு கட்சி. ரப்பர் அல்லது ஸ்பிரிங் பாதம் வைத்தால்தான் பேஸ் சுத்தமாகும் என்று இன்னொரு கட்சி. விலையோ சில நூறில் ஆரம்பித்துப் பல ஆயிரம் வரை போகிறது. காசைக் கொடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஸ்பைக். கார்ப்பெட் விரித்த வீடுகளில் உயரமான ஸ்பீக்கர் நிலையாக நிற்காது, தள்ளாடும். கூர்முனை அந்தக் கார்ப்பெட்டைத் துளைத்துக் கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். அதன் நிஜமான வேலை அவ்வளவுதான். அதிர்வை ஒரே திசையில் மட்டும் அனுப்பும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. எஃகு இரண்டு பக்கமும் கடத்தும். நம்ம ஊர் டைல்ஸிலும் மொசைக்கிலும் துளைக்க என்ன இருக்கிறது? கீறல்தான் மிச்சம். 20 கிலோ ஸ்பீக்கர், 4 ஸ்பைக், முனையின் விட்டம் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முனைக்கும் கீழே சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 62 நியூட்டன் அழுத்தம் வருகிறது. எம்25 கான்கிரீட்டின் அழுத்த வலிமையே 25 தான். அதனால் ஸ்பைக் போடுவதென்றால் அடியில் காசு மாதிரி ஒரு உலோகத் தட்டு வைத்தே ஆக வேண்டும்.

ரப்பர், ஸ்பிரிங் கதை வேறு. எடையும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. ஸ்பீக்கரை ஏற்றியதும் பாதம் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் சுமார் 8 ஹெர்ட்ஸ். 0.1 மி.மீ. மட்டும் அமுங்கினால் 50 ஹெர்ட்ஸ். இந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் அதிர்வு குறையத் தொடங்கும். அந்த எண்ணை ஒட்டிய இடத்தில் குறைவதற்குப் பதிலாகக் கூடவே செய்யும். ஆக, கல் மாதிரி இருக்கும் ரப்பர் துண்டு பேஸ் வரும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்கும். கையால் அழுத்தினால் அமுங்காத பாதத்தை வாங்க வேண்டாம்.

"மெத்தென்று வைத்தால் பெட்டியே ஆடி ஓசை மங்கிவிடாதா?" நியாயமான பயம். 20 கிராம் கோன், 20 கிலோ பெட்டி என்றால் விகிதம் ஆயிரத்தில் ஒன்று. கோன் 3 மி.மீ. போனால் பெட்டி 3 மைக்ரான் நகரும். ஒரு தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

சரி, யாருக்கு எது?

தரைத்தளம், கான்கிரீட்டின் மேல் டைல்ஸ்: எதை வைத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. போனில் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப்பைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் வைத்துப் பார்த்தேன். ஸ்பைக்கோ ரப்பரோ, கோடு ஒரே மாதிரிதான் இருந்தது. ஆடாமல் நின்றால் போதும். குழந்தைகள் ஓடும் வீட்டில் உயரமான ஸ்பீக்கருக்கு மெத்தென்ற பாதம் ஆபத்து, சாய்ந்துவிடும்.

மேசை, ஸ்டீல் பீரோ, மரப் பலகை: இங்கே மெத்தென்ற பாதம் நிச்சயம் உதவும். வைப்ரேட் ஆகும் போனை வெறும் மேசையில் வைத்துப் பாருங்கள், பிறகு மடித்த துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். மேசை எவ்வளவு சத்தம் போடுகிறது என்று புரியும்.

மாடி வீடு, கீழே குடியிருப்பவர்கள்: மெத்தென்ற பாதம் கால் வழியாக இறங்கும் அதிர்வைத்தான் குறைக்கும். பேஸ் காற்று வழியாகவும் தளத்தைத் தள்ளும்; அதை எந்தப் பாதமும் தடுக்காது. கீழ் வீட்டில் வயதானவர் தூங்குகிறார் என்றால், பாதம் வாங்கியாச்சே என்று வால்யூமை ஏற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஓசை தானாகவே எழும்பும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இன்னும் அதிகமாகக் கேட்கும். பாதத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் ஒரு அடி நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசு கிடையாது.