தோட்டப் பயிற்சி தந்த தலைமைப் பாடம்

சங்க நிர்வாகம் என்பது கணக்கேட்டிலும் துணை விதிகளிலும் அடங்கிவிடுவதாகப் பலர் கருதுகின்றனர். பத்துப் பேரை ஒரு வேலையில் மனமொத்து இயங்கச் செய்யும் திறனே அதன் உயிர்நாடியாகும். இதனை நான் ஆய்வாளனாக வருமுன்னரே, மண்வெட்டி பிடித்த நாட்களில் அறிந்துகொண்டேன்.

நான் தோட்டக்கலைப் பட்டதாரி. வேளாண்மையும் தோட்டக்கலையும் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, உழவரோடு பழகிப் பயிற்சி பெறுதல் வழக்கம். இப்பயிற்சியையும், மாணவர் தாமே தொழில் நடத்திப் பழகும் பயிற்சியையும் இணைத்து 2015ஆம் ஆண்டில் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. எழில் தோட்டம் அமைத்தலும் தோட்டக்கலை மாணவர் கற்கும் துறைகளுள் ஒன்று.

மாணவப் பருவத்தில், அரியலூர் மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் முன்வெளியைத் தோட்டமாக்கும் பணி எங்கள் பத்துப் பேருக்குக் கிடைத்தது. என்னைக் குழுத் தலைவனாக்கினர். வரைபடம், அளவு நூல், செடிப் பட்டியல் யாவும் என் கையிலேயே இருந்தன. நடைபாதையின் இருமருங்கிலும் இட்லிப்பூ வரிசை வேண்டுமென்று நானே தீர்மானித்தேன். அங்கு நீர் ஊற்றி வந்த மூதாட்டி, “இந்தச் சுண்ணாம்பு மண்ணுக்கு அது வராது தம்பி, அரளி வையுங்க” என்றார். மண்ணைச் சோதித்த பின் நடலாமென்று தோழி ஒருத்தியும் கூறினாள். நாள் வீணாகுமென்று இருவர் சொல்லையும் ஒதுக்கினேன். அங்கத்தினர் சேர்த்துக் கொடுத்த பணத்தில் 120 செடிகள் வாங்கி நட்டோம்.

ஆறு வாரங்களில் தளிர்கள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, இலை மஞ்சளித்தது. அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த பூமி. அக்காலத்துச் சுண்ணாம்புப் பாறையே இன்று சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது. வேரால் அதனை உறிஞ்ச இயலாது. நிலக்கடலை பயிரிடுவோர் இக்குறையை நன்கறிவர். 10 லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதி கலந்து தெளித்தோம். இலை பசுமையுற்றது, ஆயினும் அடுத்து வந்த தளிர் மீண்டும் வெளுத்தது.

தறியில் அமர்ந்து உழைத்தவர்களின் பணம் என் பிடிவாதத்தால் வீணாயிற்றே என்னும் எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் குழுவினரையும் அம்மூதாட்டியையும் அழைத்து, பிழை என்னுடையதே என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் வேலையைப் பகிர்ந்துகொண்டோம். மண் சோதனைக்கு இருவர், குழிக்கும் எருவுக்கும் நால்வர், செடித் தேர்வுக்கு இருவர், கணக்குக்கு ஒருவர். நீர் சுமக்கும் வேலையை நான் ஏற்றேன். நிழலுக்கு வேம்பும் புங்கமும் வைத்தோம். சுற்றுச்சுவர் இருந்தமையால் ஆடுமாடு மேய்ந்து நஞ்சேறும் அச்சமின்றி அரளியும் நட்டோம். அவை நிலைத்தன. பட்டியலை என் கையிலிருந்து விட்ட பின்னரே நான் தலைவனானேன்.

இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது அத்தோட்டம் என் நினைவுக்கு வருகிறது. தீர்மானப் புத்தகத்தில் எல்லோருடைய கையொப்பமும் இருக்கும். சில இடங்களில் எல்லோருடைய கருத்தும் இருப்பதில்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் தொடங்கிய சங்கம், முதல் எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்னும் நெறியைக் கைக்கொண்டது. வாக்கு மட்டுமன்று, வாய்ச்சொல்லும் சமமாக மதிக்கப்பட வேண்டுமென்பதே அதன் உட்பொருள் என நான் கொள்கிறேன்.

நெசவாளர்க்கு இது புதிதன்று. தெருவில் பாவு நீட்டும் காலையில் ஒருவர் கை தளர்ந்தாலும் பாவு தொய்யும். அறுந்த இழையை முதலில் கண்டவர் சிறுவராயினும் அவர் குரலுக்கு எல்லோரும் நிற்பர். சின்ன வெங்காயத்தைப் பட்டறையில் சேர்க்கும் விவசாயியும், ஈரம் காயவில்லை என்று கூலியாள் சொன்னால் கேட்டுக்கொள்வார். கேளாதவர் அழுகலைக் காண்பார்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் தலைவர் தம் கருத்தைக் கடைசியில் கூறுவாராக. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினரை முதலில் பேசச் செய்வாராக. மண்ணை அறிந்தவர் அங்கேயும் இருக்கக்கூடும்.