பாம்பன் பாலத்தில் ஒரு 'க்ரீச்'!

ராமேஸ்வரம் போகிற கார்க்காரர்களில் பல பேருக்கு ஒரு வியாதி உண்டு. பாம்பன் பாலத்து உச்சியில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கீழே கடல், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், மூஞ்சியில் அறைகிற காற்று... நிறுத்தாமல் என்ன செய்வார்கள், பாவம்! 1988-ல் இந்திரா காந்தி பெயரில் திறந்த ரோடு பாலம் அது. கப்பல் போவதற்காக நடுவில் முதுகைத் தூக்கிக் கொண்டு நிற்கும். ஏறுகிறவனுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. சித்தப்பாவின் பழைய கார். பின் சீட்டில் சித்தி, மடியில் அர்ச்சனைக் கூடை. உச்சியைத் தாண்டி இறங்கினால், நட்ட நடுவே ஒரு வேன்! ஒரு குடும்பமே இறங்கி செல்ஃபி எடுத்துக் கொண்டிருக்கிறது. மிதித்தேன் பிரேக்கை. வண்டி நின்றது, வாஸ்தவம். ஆனால் நேராக நிற்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கொண்டு வலப்பக்கம் பாய்ந்தது. எதிரே வந்த பஸ்காரர் மயிரிழையில் ஒடித்து, என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். "ராமநாதா!" என்ற சித்தி, அக்னி தீர்த்தம் வரை வேறு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் மெக்கானிக் பாயிடம் போனேன். "வலது சக்கரத்தில் ஏதோ கோளாறு" என்றேன். நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியும். காலிப்பர் தெரியாது.

பாய் சிரித்தார். "அங்கனதான் தம்பி எல்லாரும் ஏமாந்துர்றாக. வலது ஒழுங்காப் புடிக்கிது, அதான் அந்தப் பக்கம் இழுக்குது. வேல செய்யாதது இடது. வேல செய்யிறவனயா குத்தம் சொல்றது?"

எங்கள் ஆபீஸில் அப்படித்தான் சொல்வார்கள் என்று மனசுக்குள் நினைத்துக் கொண்டேன்.

டிஸ்க் பிரேக் ஒன்றும் பெரிய மர்மமில்லை ஸார். சைக்கிள் ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் இருபுறமும் கவ்வுகின்றனவே, அதே கதைதான். ரிம்முக்குப் பதில் சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. ரப்பர் கட்டைக்குப் பதில் பேட். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போய் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை நெட்டும். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். ஆனாலும் 1953-ல் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது.

சமாசாரம் எங்கே என்றால், சின்னக் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பக்கத்து பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுசாக இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து, வெளிப்பக்கத்து பேடையும் இழுத்து அழுத்தும். பின் வழுக்காவிட்டால் பாதி பிரேக் அம்பேல்!

பாய் இடது சக்கரத்தைக் கழற்றினார். வெளி பேட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி புதுசாக இருந்தது. உள் பேட் தேய்ந்து தகடு. பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே உப்பும் துருவும். இதற்கு முன் சர்வீஸ் செய்தவர்கள் (பெயர் வேண்டாம்) பேட் மாற்றிக் காசு வாங்கினார்களே ஒழிய, பின்னைத் தொட்டே பார்க்கவில்லை.

"உப்புக் காத்து தம்பி இது" என்றார் பாய். உண்மைதான். உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிப்பதற்கு காரைக்குடி 'செக்ரி' விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த இடமே பக்கத்து மண்டபம் கேம்ப்தான்! காலையில் டிஸ்க் மேல் தெரியும் செம்பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கண்ணில் படாத துருதான் எமன்.

அன்று ஓசியில் கற்றது இன்னும் கொஞ்சம். பிரேக் பிடிக்கும்போது 'கீச்' என்றால் பேட் தீரப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்கென்றே சில பேடுகளில் சின்னத் தகடு வைத்திருப்பார்கள். 'கறகற' என்றால் தீர்ந்தே போச்சு, இரும்போடு இரும்பு. பெடல் உதறினால் டிஸ்க் ஒரே கனமாக இல்லை. பிரேக் பிடிக்காமலே ஒரு பக்கம் இழுத்து, அந்தச் சக்கரம் மட்டும் கொதித்தால், அங்கே பேட் விடாமல் கவ்விக் கொண்டிருக்கிறது. கையை வைத்துப் பார்க்காதீர்கள், பொத்துப் போகும்!

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி. 'டாட் 3' எண்ணெய் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரிக்கே கொதிக்கலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது அது கொதித்து ஆவியானால், நீங்கள் மிதிப்பது வெறும் ஆவியைத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள். என்றைக்கோ திறந்த பாதி டப்பாவை ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேய எண்ணெய் மட்டமும் இறங்கும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் தேய்மானம் தெரியாமலே போய்விடும்.

பாய் புதுப் பின், புது உறை போட்டு, அதற்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸைத் தடவினார். சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடுமாம். இரண்டு பக்கமும் பேட் மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். அரை நாள் வேலை.

வண்டி இப்போது நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. சித்திதான் நம்ப மாட்டேன் என்கிறார். ராமேஸ்வரம் என்றால் ரயில்தான்!