ரெக்கார்டு பொத்தான் எங்கே போனது?

எட்டயபுரத்தில் 1904-இல் ஒரு புத்தகம் அச்சேறியது. சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. 1835-இல் இதே ஊரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள், கமகக் குறியீடுகளோடு அதில் ஏறின. அதுவரை வாயிலிருந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டு, யார் மறந்தாலும் அழியாதபடி தாளுக்கு வந்து சேர்ந்தது. அதே ஊரில் 1882-இல் பிறந்த பாரதியின் கதை வேறு. பாடிப் பாடியே கவிதை எழுதியவர் என்கிறோம். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்க ஒரு விநாடிப் பதிவுகூட நம்மிடம் இல்லை. 1921-இல் அவர் மறைந்தபோது கிராமபோன் தட்டுகள் சென்னைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. கருவி இருந்தது, அதை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கத்தான் ஆள் இல்லை. சட்டைப் பையில் அடங்குகிற, ரேடியோவைப் பதிவு செய்யவும் தெரிந்த எம்பி3 பிளேயரை இன்று யார் வாங்குவார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலிருந்தே பதில் சொல்லலாம். பதிந்தது நிற்கும், பதியாதது போகும்.

ஒலிபரப்பின் இயல்பு அப்படி. ஒருமுறை காற்றில் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் உலகெங்கும் நிலையங்கள் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தன. லண்டன் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1960-களின் பல பகுதிகளுக்குப் படம் இல்லாமல் போனது. ஆனால் ஒலி முழுவதும் கிடைக்கிறது. அன்று வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த நேயர்கள் சிலரின் கைங்கரியம் அது. நம் பக்கத்தில் காருகுறிச்சி அருணாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த அந்த நாகஸ்வர மேதையை ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. மணிக்கணக்கில் அவர் விரித்த ராகங்களைக் கேட்க விரும்பினால், வானொலிக்கு வாசித்தவையும் ரசிகர்கள் பதிந்து காப்பாற்றியவையும்தான் கைகொடுக்கின்றன. பாடகர் விளாத்திகுளம் சுவாமிகளோ, கேட்டவர்கள் எழுதி வைத்த வியப்பின் வழியாகவே பெரும்பாலும் நமக்குத் தெரிகிறார். இருவரும் ஒரே கரிசல் வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில் மறைந்தவர்கள். ஒருவரை இன்று காதால் அறிகிறோம், மற்றவரை எழுத்தால் அறிகிறோம். இந்த வித்தியாசத்தைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை.

பதிகிற பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியும், 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும் கேட்டு வளர்ந்த மண் இது. ‘டூ இன் ஒன்’ வந்தபின் ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டிக்குள் அமைந்தன. மைக் வேண்டாம், பக்கத்துக் கூச்சல் சேராது, ‘பிளே’யையும் ‘ரெக்கார்ட்’டையும் சேர்த்து அமுக்கினால் போதும். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். நல்ல கட்டத்தில் நாடா தீர்ந்துவிடும். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் குரல் இன்றும் சுற்றிவருவதில் அப்படிப் பதிந்த நேயர்களுக்குப் பெரிய பங்குண்டு. கையடக்க பிளேயர் இந்த வேலையை எளிதாக்கியது. காதில் மாட்டும் ஒயரே ஏரியலாகவும் வேலை செய்கிறது. 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பி. 8 ஜிபி நினைவகத்தில் நூற்று முப்பது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே நிற்கும் கொடைக்கானல் பண்பலை, மலையும் மறைப்பும் இல்லாத கரிசல் சமவெளிக்கு எட்டுவதால், இந்தச் சின்னப் பெட்டிக்கு இங்கே நிறையவே வேலை இருக்கிறது.

எல்லாம் இணையத்தில்தான் கிடைக்கிறதே என்பார்கள். சினிமாப் பாட்டு கிடைக்கும், மறுக்கவில்லை. நேற்றுக் காலை உழவர் நிகழ்ச்சியில் உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் பற்றி ஒரு மானாவாரி விவசாயி பேசியது கிடைக்குமா? வானொலிச் செயலியில் நேரலை கேட்கலாம். அந்த நேரத்தில் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அதனால் லாபம் இல்லை. பதிவு செய்வது திருட்டாகாதா என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிபரப்புக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதை மீறலாகக் கருதுவதில்லை. விற்கக் கூடாது, ஊருக்கெல்லாம் பரப்பக் கூடாது, வைத்துக் கேட்கலாம். பாதுகாக்கும் வேலை நிலையங்களுடையதுதானே என்பது நியாயமான பேச்சு. ஆனால் எது நாளைக்கு அருமையாகும் என்று எந்த அலுவலகத்துக்கும் இன்றைக்குத் தெரியாது.

எனக்குள்ள பெரிய கவலை பாட்டைப் பற்றியதே அல்ல, பேச்சைப் பற்றியது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துப் பேச்சுக்கு ஓர் இழுவை உண்டு, வாக்கியத்தின் முடிவில் ஓர் ஏற்றம் உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார், சொற்கள் பிழைத்தன. அந்தச் சொற்கள் எந்த ராகத்தில் சொல்லப்பட்டன என்பதை அகராதி வைத்துக்கொள்ள முடியாது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண்கள் நேயர் நிகழ்ச்சிக்குப் போன் செய்து பேசும்போது, வில்லிசைக்காரர் கதைக்கு நடுவே ஊர்ப் பேச்சுக்கு இறங்கும்போது, மழை தள்ளிப்போனதை ஒரு பெரியவர் வானொலியில் விவரிக்கும்போது அந்த ராகம் காற்றில் வருகிறது, நாலைந்து நிமிடத்தில் போய்விடுகிறது. பிள்ளைகள் டிவித் தமிழுக்கும் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கும் நடுவில் வளர்கிறார்கள். இன்னும் ஒரு தலைமுறை கழித்து, கரிசல்காட்டுக் கிழவி எப்படிப் பேசினாள் என்று கேட்டால், சினிமாவில் நடிகர்கள் பேசுவதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். சொல்லகராதிக்குத் துணையாக ஒரு குரலகராதி தேவை. அதற்கான பொருள் தினமும் இலவசமாக வந்துகொண்டிருக்கும்போது ஏந்திக்கொள்ளப் பாத்திரம் இல்லாமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாத்திரம் குறைந்துகொண்டு வருவதும் உண்மை. செல்போன் வந்து தனி பிளேயரை ஓரங்கட்டியது. பிறகு பல செல்போன்களில் எஃப்எம் வசதியும் இல்லாமல் போனது. எல்லா போன்களிலும் அது இருக்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு அறிவுரை சொல்லும் அளவுக்கு நிலைமை வந்தது. ரேடியோ இருக்கும் போன்கள் எல்லாவற்றிலும் பதிவு வசதி இருப்பதில்லை. கைக்குள் அடங்கும் பிளேயரிலும் ஒரு குறை: பெரும்பாலானவை பண்பலையை மட்டுமே பிடிக்கும். மத்திய அலைக்கு ஃபெரைட் தண்டு ஏரியல் வேண்டும். போதாததற்குப் பிளேயரின் சொந்தச் சர்க்யூட்டே இரைச்சல் கிளப்பும். அதனால் மத்திய அலையில் வருவதை டூ இன் ஒன் பிடித்ததுபோல் இது பிடிக்காது. மெமரி கார்டு போடும் பெரிய ரேடியோக்களில் சிலவற்றில் மத்திய அலையும் உண்டு, பதிவும் உண்டு. கடையில் வாட்ஸ் எவ்வளவு, விளக்கு எரியுமா, ப்ளூடூத் உண்டா என்று கேட்பவர்கள், ரேடியோவில் ஓடுவதை இது நேராகப் பதியுமா என்று கேட்டு, அங்கேயே இரண்டு நிமிடம் பதியச் சொல்லி, திரும்பப் போட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.