வீட்டிலும் தோட்டத்திலும் தாமே வேலை செய்ய விரும்புவோர் அறியவேண்டியவை

பின்வளவில் ஒரு கொட்டில், புடலைக்கும் பாகலுக்கும் ஒரு பந்தல், குழந்தைகளுக்கு ஒரு சிறு நீர்த்தடாகம், வாசலில் ஒரு மரத்தளம் என, சிட்னியின் மேற்குப் புறநகரங்களில் வாழும் எம்மவர் பலர் வார இறுதி நாட்களில் தம் கையாலேயே ஏதேனும் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கின்றனர். அது நல்ல பழக்கமே. கூலி மிச்சமாகின்றது, பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொள்கின்றனர், சற்றுக் கோணலாக நின்றாலும் தாம் கட்டியது என்ற மகிழ்ச்சி ஏற்படுகின்றது. இக்கட்டுரை எவரையும் தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று.

நகரசபையின் திட்டமிடற் பிரிவில் உரைபெயர்ப்பாளனாக அமரும் நாட்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: "என்னுடைய வளவில் நான் ஒரு கொட்டில் போடுவதற்கு யாரைக் கேட்கவேண்டும்?" சினத்துடன் கேட்கப்பட்டாலும் அது நியாயமான வினாவே. பெரும்பாலும் எவரையும் கேட்கவேண்டியதில்லை என்பதுதான் அதற்குரிய விடை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடற் கொள்கையொன்று, சிறு பணிகள் பலவற்றை "விலக்களிக்கப்பட்ட அபிவிருத்தி" என வகைப்படுத்தியுள்ளது. அதில் விதிக்கப்பட்ட அளவுகளுக்குள் அடங்கும் பணிக்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அளவுகளில் ஒன்று தவறினாலும் விலக்கு முழுவதும் அற்றுப்போகும். சட்டம் இங்கே ஏறத்தாழச் சரி என்பதை ஏற்பதில்லை.

குடியிருப்பு வலயத்தில் தோட்டக் கொட்டில் ஒன்றின் தரைப்பரப்பு 20 சதுர மீற்றருக்கும் உயரம் 3 மீற்றருக்கும் மேற்படக்கூடாது. எல்லைக்கோட்டிலிருந்து குறைந்தது 0.9 மீற்றர் விலகியிருக்கவேண்டும். வீதியைப் பார்த்த முன்புறத்தில் அமையக்கூடாது. கூரையில் விழும் மழைநீர் அயலவர் வளவுக்குள் பாயக்கூடாது. மரத்தளமும் பேர்கோலாவும் 25 சதுர மீற்றருக்குள் அடங்கவேண்டும். தளத்தின் உயரம் நிலத்திலிருந்து 1 மீற்றரைத் தாண்டலாகாது. மூங்கிலும் கயிறும் கொண்டு ஒரு பருவத்துக்கு மட்டும் கட்டும் கொடிப்பந்தலைப் பற்றி எவரும் அளவுநாடாவுடன் வரப்போவதில்லை என்பது என் அனுபவம். சீமெந்தில் தூண் நாட்டிக் கூரைத்தகடு போட்டால் அது வேறு விடயமாகும். பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு, வெள்ள அபாயமோ காட்டுத்தீ அபாயமோ உள்ள நிலம், கழிவுநீர்க் குழாய் செல்லும் நிலம் ஆகியவற்றுக்கு மேலதிக நிபந்தனைகள் உள்ளமையால், அத்தகைய வளவினர் முதலில் விசாரித்துக்கொள்வது நன்று.

கொட்டில் பற்றிய நிபந்தனைகளுள் எம்மவர் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு: அது வசிப்பதற்கு உரியதாக இருக்கக்கூடாது. ஊரிலிருந்து மாமனார் வருகின்றார், அல்லது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அறை தேடுகின்றார் என்றவுடன் கட்டிலும் மின்விசிறியும் கொட்டிலுக்குள் சென்றுவிடுகின்றன. தீக்காப்பு, காற்றோட்டம், வெளியேறும் வழி எவையும் கணிக்கப்படாத தகரக் கூண்டில் ஒருவரை உறங்கவிடுவது ஆபத்தானது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். உண்மையில் தனிக்குடியிருப்பு வேண்டுவோருக்குச் சட்டம் வழியை அடைக்கவில்லை. 450 சதுர மீற்றருக்குக் குறையாத நிலத்தில் 60 சதுர மீற்றர் வரையான இரண்டாம் குடியிருப்புக்கு, தனியார் சான்றளிப்பாளர் ஊடாகவே விரைவாக அனுமதி பெறும் முறை உள்ளது. இவ்வழியைக் கேட்டு அறிந்தவர்கள் பலர் கொட்டில் எண்ணத்தையே கைவிட்டுள்ளனர்.

இனி, இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றேன். 1999இல் நாம் வாங்கிய முதல் வீடு, ஃபைப்ரோ எனப்படும் தகட்டுச் சுவர்களைக் கொண்ட பழைய வீடு. பின்விறாந்தைச் சுவரில் புத்தகத் தட்டு ஒன்றைப் பதிக்க எண்ணி, மின்வாளால் நானே சுவரைச் சதுரமாக வெட்டினேன். வெண்தூசி விறாந்தை முழுவதும் படிந்தது. இரண்டு வயது மகன் அதே நிலத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். மனைவி தும்புத்தடியால் கூட்டினார். சில வாரங்களின் பின் தட்டைப் பார்க்க வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், தட்டைப் பார்க்காமல் சுவரின் வெட்டுவாயைப் பார்த்து, "இதை முகக்கவசம் இன்றியா வெட்டினீர்கள்?" என்று கேட்டார். அத்தகட்டில் இருந்தது கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ். ஒருமுறை பட்ட தூசியால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். எனினும் மெசொதெலியோமா என்னும் புற்றுநோய் வெளிப்படுவதற்கு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை செல்லலாம். மகனுக்கு நீண்ட இருமல் வரும்போதெல்லாம் அந்த வெண்தூசி என் கண்முன் எழுகின்றது.

அவுஸ்திரேலியாவில் கல்நாருக்கு முழுத்தடை 2003ஆம் ஆண்டின் இறுதி நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. 1990க்கு முன் கட்டப்பட்ட எவ்வீட்டிலும் அது இருக்கலாம் எனக் கொள்ளவேண்டும். வெளிச்சுவர், கூரையின் கீழ்த்தகடு, குளியலறைத் தகடு, பழைய வினைல் தரையின் அடிப்பகுதி, வேலியின் நெளிதகடு, பழைய கோழிக்கூட்டின் கூரை ஆகியன வழமையான இடங்கள். கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. நாட்டா அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சிறு துண்டொன்றைச் சோதிப்பிப்பதே வழி. நல்ல நிலையில், உடையாமல், வர்ணம் பூசப்பட்டிருக்கும் தகட்டைத் தொடாமல் விடுவதே சாலச் சிறந்தது. வெட்டுதல், துளையிடுதல், உரசுதல், உயரழுத்த நீரால் கழுவுதல் ஆகியவையே நாரை விடுவிக்கின்றன. கூரையை நீர்ப்பீச்சியால் கழுவிய ஒருவரால் தம் வீடு மட்டுமன்றி அயல் வளவுகளும் மாசடையக்கூடும்.

இறுகிய கல்நார்த் தகடு 10 சதுர மீற்றருக்கு மேற்பட்டால் உரிமம் பெற்ற அகற்றுநர் மட்டுமே அதனைக் கழற்றலாம். சிறியதொரு குளியலறையின் தகடுகளே அவ்வளவைத் தொட்டுவிடும். பொடியாக உதிரும் வகையாயின் அளவு எதுவாயினும் உரிமம் அவசியம். அவ்வெல்லைக்குக் குறைந்ததைத் தாமே அகற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை. நான் அதனைப் பரிந்துரைக்கமாட்டேன். செய்தே தீருவோர் தகட்டை நனைத்து, உடைக்காமல் கழற்றி, பி2 தர முகக்கவசமும் கழற்றி எறியத்தக்க மேலாடையும் அணிந்து, தடித்த பிளாஸ்ரிக்கில் இருமுறை பொதிந்து, அதனை ஏற்கும் உரிமம் உள்ள கழிவு நிலையத்துக்கே கொண்டுசெல்லவேண்டும். வீட்டுக் குப்பைத் தொட்டியிலோ பெரும்பொருட் கழிவிலோ இட்டால் அதனை ஏற்றும் தொழிலாளர் அத்தூசியைச் சுவாசிப்பர், அது குற்றமுமாகும்.

பழைய வீடுகளின் மற்றொரு மரபுரிமை ஈயம். 1970க்கு முன் பூசப்பட்ட வர்ணத்தில் அது இருக்கலாம். உதிர்ந்த வர்ணம் சுவரோர மண்ணில் சேர்கின்றது. நாம் கீரைப்பாத்தி போடுவதும் பெரும்பாலும் அதே சுவரோரத்தில்தான். வீட்டுத் தோட்ட மண்ணுக்கான தேசிய வழிகாட்டி அளவு ஒரு கிலோகிராமுக்கு 300 மில்லிகிராம் ஈயம். பழைய வளவினர் மண்ணைச் சோதிப்பிப்பது நன்று. அதுவரை சுவரைவிட்டு விலகி, வாங்கிய மண் நிரப்பிய உயர்பாத்தியில் கீரையும் கிழங்கும் வளர்க்கலாம்.

பாத்திக்கும் தளத்துக்கும் எடுக்கும் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பச்சை நிறம் படிந்த பழைய பதனிட்ட பைன் மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியன ஊறியிருக்கும். 2006 முதல் விளையாட்டுச் சாதனம், உணவுமேசை, வீட்டு மரத்தளம் ஆகியவற்றுக்கு அவ்வகைப் பதனிடல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேலை முடிந்து மிஞ்சிய துண்டுகளைத் தைப்பொங்கல் அடுப்புக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை நான் கண்டிருக்கின்றேன். பதனிட்ட மரத்தை ஒருபோதும் எரிக்கலாகாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் உண்டு. மேலும், பொங்கல் வரும் ஜனவரி இங்கு கொடுங்கோடை. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வளவில் விறகடுப்பு மூட்டுவது குற்றம். அன்று பானையை உள்ளே அடுப்பில் ஏற்றுவதால் சூரியன் கோபிக்கமாட்டார்.

நீர்த்தடாகம் பற்றிச் சட்டம் கூறுவது பலருக்கு வியப்பளிக்கும். 1992ஆம் ஆண்டின் நீச்சற்றடாகச் சட்டத்தின்படி, நீந்தவோ நீரில் விளையாடவோ பயன்படுவதும் 300 மில்லிமீற்றருக்கு மேல் நீர் கொள்ளத்தக்கதுமான எதுவும் நீச்சற்றடாகமே. கடையில் வாங்கிக் காற்றடிக்கும் தடாகமும் இதில் அடங்கும். நிரப்பிய அளவு பொருட்டன்று, கொள்ளத்தக்க ஆழமே கணக்கு. அதற்குக் குறைந்தது 1.2 மீற்றர் உயரமான தடுப்பும், தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும் வாயிலும், மாநிலப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். தடுப்பருகே பூச்சாடியோ கதிரையோ வைத்தால் அது குழந்தைக்குப் படியாகிவிடும். மீன் வளர்க்கும் அலங்காரக் குளம் இவ்வரைவிலக்கணத்துள் வராது என்பது சட்டத்தின் நிலை. குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியாது. வலைக்கம்பி ஒன்றால் மூடிவிடுங்கள்.

மின்கம்பி இழுப்பதும் மின்செருகி மாற்றுவதும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. இதில் சிறிது பெரிது என்ற பேதமில்லை. நிலத்தைத் தோண்டுமுன் "பிஃபோர் யூ டிக்" சேவையில் இலவசமாகக் குழாய், கம்பி வரைபடங்களைப் பெறலாம். 5,000 டொலருக்கு மேற்பட்ட கட்டட வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பின் அவர் உரிமம் உள்ளவரா எனப் பாருங்கள். அனுமதி தேவைப்படும் வேலையொன்றின் பெறுமதி 10,000 டொலரைத் தாண்டி, அதனைத் தாமே செய்வதாயின், உரிமையாளர்-கட்டுநர் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

வேலி பற்றிய பிணக்குகளே என் மேசைக்கு அதிகம் வருபவை. 1991ஆம் ஆண்டின் பிரிப்பு வேலிச் சட்டத்தின்படி, போதுமான வேலிக்குரிய செலவை இரு உரிமையாளரும் சமமாகப் பகிரவேண்டும். உயர்ந்த தரம் விரும்புபவர் மேலதிகச் செலவைத் தாமே ஏற்கவேண்டும். ஆனால் முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தல் அவசியம். ஒரு மாதத்துள் உடன்பாடு ஏற்படாவிடின் தீர்ப்பாயத்தையோ உள்ளூர் நீதிமன்றத்தையோ நாடலாம். வேலியைக் கட்டி முடித்துவிட்டுப் பற்றுச்சீட்டுடன் அயலவர் கதவைத் தட்டுபவருக்குச் சட்டம் துணைநிற்பது அரிது. வாடகைக்கு இருப்போர் இவை எதனையும் தொடங்குமுன் உரிமையாளரின் எழுத்து மூல இசைவைப் பெறவேண்டும்.

ஐயமுள்ளோர் வளவின் எளிய வரைபடம் ஒன்றை, அளவுகளுடன் கையால் வரைந்ததாயினும், திட்டமிடற் பிரிவுக்குக் கொண்டுவரலாம். ஆங்கிலத்தில் உரையாட இயலாதோர் 131 450 என்னும் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் எனக் கூறி, நகரசபையுடன் இணைக்குமாறு கேட்கலாம்.