ஓர் அட்டை 100 கோடி ரூபாய்! கார்டுக்கு விலையா, அதன் மேல் ஒட்டிய நம்பருக்கு விலையா?

உள்ளங்கை அளவு அட்டை. அதில் பேஸ்பால் மட்டையுடன் ஓர் இளைஞர். 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் இது போன விலை 1.26 கோடி டாலர். அன்றைய மதிப்பில் நம்மூர்க் காசுக்கு ஏறக்குறைய 100 கோடி ரூபாய்!

நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில் படம் போட்ட அட்டை அது. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் பபிள்கம்மோடு சேர்த்து விற்றது. அந்த ஆண்டு அச்சடித்ததில் ஏராளமாக மீந்துபோக, பல வருடங்கள் கிடங்கில் கிடந்த அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டினார்கள். வாங்க ஆளில்லாமல் கடலில் போட்டதால்தான் மிச்சம் இருப்பவற்றுக்கு இந்த விலை.

90ஸ் கிட்ஸுக்கு இது சட்டென்று புரியும். நாம் டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு டவுசர் பாக்கெட்டில் வைத்திருந்தோம். அமெரிக்கப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் சொருகி 'டர்ர்' சத்தம் கேட்டு விளையாடினார்கள். மகன் வேலைக்குப் போனதும் அட்டைகள் இருந்த ஷூ பெட்டியை அம்மா குப்பையில் போட்டுவிட்டார் என்ற புலம்பல் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறது.

சரி, தப்பிப் பிழைத்த ஓர் அட்டை நல்ல நிலையில்தான் இருக்கிறது என்பதை, போனில் படம் பார்த்து வாங்குபவர் எப்படி நம்புவது? அதற்கு வந்ததுதான் கிரேடிங். கட்டணத்தோடு கார்டை அனுப்பினால், நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரம் உதிர்ந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். கனமான பிளாஸ்டிக் உறைக்குள் கார்டை வைத்து மூடி, மேலே மதிப்பெண்ணும் சான்றிதழ் எண்ணும் அச்சடித்துத் தருவார்கள். இந்த உறைக்கு அங்கே 'ஸ்லாப்' என்று பெயர். 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ நிறுவனம்தான் இதில் பெரிய கை. எஸ்.ஜி.சி, பெக்கெட் போன்றவையும் உண்டு.

விளையாட்டே இங்குதான் ஆரம்பம். 9 வாங்கிய கார்டுக்கும் 10 வாங்கிய கார்டுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் நம் கண்ணுக்குத் தெரியாது. விலையோ சில கார்டுகளில் பத்து மடங்கு வரை தள்ளி நிற்கும். அதனால் உறையில்லாத 'ரா' கார்டை மலிவாக வாங்கி, கிரேடிங்குக்கு அனுப்பி, 10 வந்தால் ஈபே போன்ற தளங்களில் விற்று லாபம் பார்க்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 50 டாலருக்கு ஒரு ரா கார்டு. கிரேடிங், போக வர தபால் எல்லாம் சேர்த்து 40. ஆக முதலீடு 90. வந்தது 9, விலை 85 டாலர். அதிலும் விற்பனைத் தளம் சுமார் 13 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 74. பல மாதம் காத்திருந்து 16 டாலர் நஷ்டம்! 10 வாங்கியவர்கள்தான் வீடியோ போடுவார்கள். 9 வாங்கியவர் வீடியோ போட மாட்டார்.

கொரோனா ஊரடங்கில் இந்தச் சந்தைக்குக் கிறுக்கே பிடித்தது. பழைய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிகமான கார்டுகள் மூன்றே நாள்களில் வந்து குவிந்ததாகச் சொல்லி, 2021 மார்ச் கடைசியில் பி.எஸ்.ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. மே மாதம் விஸ்கான்சினில் டார்கெட் கடைக்கு வெளியே கார்டுக்காக நடந்த அடிதடியில் துப்பாக்கி வெளியே வர, அந்த நிறுவனம் கடைகளில் கார்டு விற்பனையையே சில காலம் நிறுத்தியது.

அந்த ஜனவரியில் மைக்கேல் ஜோர்டானின் 1986 ஃப்ளீர் கார்டு, பி.எஸ்.ஏ 10 மதிப்பெண்ணுடன் 7,38,000 டாலருக்குப் போனது. ஒன்றல்ல, ஒரே ஏலத்தில் இரண்டு. அடுத்த ஆண்டே அதே கார்டு 2 லட்சம் டாலர் பக்கம் வந்துவிட்டது. ஜோர்டானின் புகழ் குறைந்ததா? இல்லை. அந்த 10 மதிப்பெண் கார்டுகள் உலகில் 300-க்கும் மேல் இருந்தன. உச்ச விலையில் வாங்க அத்தனை பேர் இல்லை. எந்தக் கார்டு எந்த மதிப்பெண்ணில் எத்தனை இருக்கிறது என்பதை கிரேடிங் நிறுவனங்களே தங்கள் தளத்தில் போடுகின்றன. வாங்கும் வேகத்தில் பலரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

மோசடி? தாராளமாக உண்டு. குறைந்த மதிப்பெண் கார்டை வாங்கி, போலி லேபிளோடு உயர்ந்த மதிப்பெண் என்று ஆன்லைன் தளங்களிலும் நேரிலும் விற்றதாக இருவர்மீது 2024 மே மாதம் நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். சொல்லப்பட்ட தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். சான்றிதழ் எண்ணைத் தளத்தில் தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனென்றால் உண்மையான எண்ணையே காப்பியடிக்கலாம். தளத்தில் இருக்கும் படத்திலுள்ள சின்னப் புள்ளி, ஓரக் கோணல்கூட கைக்கு வரும் கார்டோடு பொருந்த வேண்டும். விலையிலும் ஒரு சூட்சுமம்: விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. அதுதான் சந்தை விலை. 10,000 டாலர் என்று போட்டு இரண்டு வருடமாக விற்காமல் கிடக்கும் கார்டின் விலை 10,000 டாலர் அல்ல.

இந்தத் தொழிலின் பெரிய கூத்து, பி.எஸ்.ஏ முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டிலேயே நடந்தது. 1909-11 காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்து வந்த ஹோனஸ் வாக்னர் அட்டை அது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணி உரிமையாளரும் 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். மதிப்பெண் 8. இத்தனை பழைய அட்டைக்கு ஓரம் எப்படி இவ்வளவு கச்சிதம் என்று பலரும் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கைமாறக் கைமாற விலை ஏறி, 2007-ல் 28 லட்சம் டாலரைத் தொட்டது. 2013-ல் அதை முன்பு விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறை.

ஓரம் வெட்டிய கார்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பது பி.எஸ்.ஏ விதி. வெட்டுப்படாத இன்னொரு வாக்னர், வெறும் 2 மதிப்பெண்ணோடு, 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது.