அண்டை வீட்டுக்குக் கம்பியில்லா இணையம்

வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவது நம் உழவர்களுக்குப் புதிதன்று. தெருவில் பாவை நீட்டிப் பலர் கூடித் தோய்வது நம் நெசவாளர்களுக்கும் புதிதன்று. தனியொருவரால் இயலாததை அண்டை அயலாருடன் சேர்ந்து செய்வதே கூட்டுறவின் வேர். அவ்வழக்கம் இன்று வடசென்னையில் புதியதொரு பொருளைப் பற்றி எழுந்துள்ளது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நாம் செல்லுமிடமெல்லாம், "ஒரு வீட்டு வைஃபையை அடுத்த வீட்டுக்கும் எட்டச் செய்யலாமா?" என்று அங்கத்தினர்கள் வினவுகின்றனர். பிள்ளைகளின் படிப்புக்கும் சரக்கின் விற்பனைக்கும் இணையம் அவசியமாகிவிட்ட காலத்தில் இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் விடையில் மூன்று பகுதிகள் உள்ளன: அலை எட்டுமா, சட்டம் இடந்தருமா, பொறுப்பு யாருடையது?

அலை செல்லும் வழி

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது சுவரைக் கடந்து சற்றுத் தூரம் செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது. பின்னது வேகமானது, ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். திறந்த வெளியிலேகூடத் தொலைவு இரட்டித்தால் வலிமை கால் பங்காகும். கம்பி கட்டிய கான்கிரீட், தகரக் கூரை, நிறைந்த நீர்த்தொட்டி ஆகியவை அலைக்குப் பகை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் அலைக்கு இரும்புச் சுவர்களே.

ஆகவே, முதற்கண் செலவில்லாத வழியைச் செய்து பார்க்க வேண்டும். ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, அடுத்த வீட்டை நோக்கிய சன்னலருகே உயரத்தில் வைக்கலாம். அது போதாதெனில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர். ஒரே ஆள் கூடையை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்றால் வேலை பாதியாகுமன்றோ? ஒரே அலைவரிசையில் இரு வேலையும் செய்யும் கருவியில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அலை மடிந்துபோன இடத்தில் இதனை வைத்துப் பயனில்லை. அலை நன்றாகக் கிடைக்கும் நடுவழியிலேயே வைக்க வேண்டும்.

இரண்டாவது, கேபிள். சுவரொட்டிய வீடுகளுக்கு இதுவே உறுதியானது. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை பயன்படும். தனித்தனிக் கட்டடங்களுக்கிடையே கண்ணாடியிழைக் கேபிள் நலம். மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே பாயாது.

மூன்றாவது, மாடிக்கு மாடி இரு ஆண்டெனாக்களை எதிரெதிரே நிறுத்துவது. இடையில் தடையேதும் இருத்தலாகாது. 100 மீட்டர்த் தொலைவுக்கு நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றிலும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வெற்றிடம் வேண்டும். நம் பகுதியின் உப்புக் காற்று இரும்பை அரிக்குமாதலால், துருப்பிடிக்காத பிடிப்பானும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை.

இம்முறையின் ஆற்றலுக்குத் தேனி சான்று. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன், 2005-ஆம் ஆண்டை ஒட்டிச் சுற்றுப்புறக் கிராமக் கண் மையங்களை வைஃபை மூலம் இணைத்தது. அவ்விணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. கிராமத்து நோயாளி தம் ஊரிலிருந்தே மருத்துவருடன் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

சட்டமும் பொறுப்பும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்த வெளியிலும் பயன்படுத்த 2018-லும், வலிமை வரம்புகளுடன் இடந்தந்தது. ஆனால் அலைக்கு உரிமம் வேண்டாமென்பதால் இணைப்பையும் விற்கலாம் என்று கருதலாகாது. வீட்டு இணைப்புக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மறுவிற்பனையை அனுமதிப்பதில்லை. கையொப்பமிட்ட தாளைப் படித்தல் வேண்டும்.

பொறுப்போ இதனினும் பெரிது. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்த நாளில், பயங்கரவாதிகளின் மின்னஞ்சல் நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது. காவல்துறை முதலில் சென்றது அவர் வாயிலுக்கே. இணைப்பு யார் பெயரிலோ, கேள்வியும் அவரிடமே.

பணத்திலும் இதே நிலைதான். நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு தெருவில் மூன்று வீட்டார் ஓர் இணைப்பைப் பகிர்ந்திருந்தனர். இரண்டாம் மாதம் ஒருவர் பங்கு தரவில்லை, கடவுச்சொல் மாற்றப்பட்டது. தேர்வு நெருங்கிய வேளையில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது; இருபதாண்டு நட்பும் முறிந்தது. எழுதிய தாள் ஒன்றும் இல்லாமையே காரணம்.

நேரிய வழி

மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9-ஆம் நாள் ஏற்ற பி.எம். வாணி திட்டம் இதற்கு வழி காட்டுகிறது. முன்னாள் பி.சி.ஓ. தொலைபேசிக் கடையைப் போல, தேநீர்க் கடையோ சங்கமோ "பொதுத் தரவு அலுவலகம்" அமைத்து வைஃபை வழங்கலாம். அதற்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லை. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் நிறுவனம் ஒன்றுடன் சேர வேண்டும். பயன்படுத்துவோர் செயலி மூலம் தம்மை உறுதி செய்துகொள்வதால், யார் பயன்படுத்தினார் என்னும் பதிவும் இருக்கும். இத்தகைய அலுவலகங்களுக்கு 200 மெகாபிட் வரையிலான கண்ணாடியிழை இணைப்பை, வீட்டுக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேற்படாமல் வழங்க வேண்டுமென டிராய் ஆணையம் 2025 ஜூனில் ஆணையிட்டது.

ஆகவே, தனியொருவர் தோளில் சுமத்தாது, சங்கத்தின் பெயரில் இதனைச் செய்வதே முறை என்பது நம் கருத்து. அங்கத்தினர் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறட்டும். மாதப் பங்கும், செலுத்தும் நாளும், தவறினால் தரும் தவணையும் எழுதப்படட்டும். பழுது பார்ப்பதற்கெனச் சிறு நிதி ஒதுக்கப்படட்டும். கணக்குப் புத்தகம் யாவரும் காணும் இடத்தில் இருக்கட்டும். முறை எழுதப்பட்ட வாய்க்காலில் கடைமடைக்கும் நீர் சேரும். இதற்கும் அதுவே பொருந்தும்.